உப்பு வெளிச்சத்தில் வடிவு

ஏப்ரல் 22, செவ்வாய்

காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் எழுதி வைக்கச் சொன்னாள். முழங்காலை எத்தனை தடவை மடக்கினேன், ஊன்றுகோலோடு எத்தனை அடி நடந்தேன் என்று. அதற்காக இந்த டைரி. லாரி புக்கிங் ஆபீசில் வருடா வருடம் ஒன்று கொடுப்பார்கள். இதுவரை எதிலும் எழுதியதில்லை.

பெயர் கொம்பையா. வயது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். போன மாதம் ஓசூரில் தார்ப்பாய் கட்டும்போது லோடின் மேலிருந்து விழுந்தேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் வண்டி ஏறலாம் என்று டாக்டர் சொன்னார்.

மடக்கியது பத்து தடவை. நடந்தது வாசல் வரை.

ஏப்ரல் 24, வியாழன்

வடிவு காலை நாலரைக்கே அளத்துக்குப் போய்விடுகிறாள். வடிவு என் மனைவி, சண்முகவடிவு. ஊருக்குக் கிழக்கே உள்ள உப்பளத்தில் உப்பு வாருகிறாள். மதியம் ஒரு மணிக்கு வருவாள், குளிப்பாள், சமைப்பாள். அதிகம் பேசமாட்டாள். எப்போதுமே அப்படித்தான்.

கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம். சேர்ந்தாற்போல் ஐந்து நாளுக்கு மேல் நான் வீட்டில் இருந்தது இதுதான் முதல் தடவை.

காப்பி போடலாம் என்று எழுந்தேன். சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஏழு டப்பா திறந்தேன். மூன்றில் உப்பு. காப்பி குடிக்கவில்லை.

மடக்கியது பதினைந்து.

ஏப்ரல் 27, ஞாயிறு

மச்சினன் பேச்சிமுத்து வந்திருந்தான். வடிவின் தம்பி. மஸ்கட்டில் வேலை. லீவு முடிந்து நாளை கிளம்புகிறான். ஒரு கேமராவை என் மடியில் வைத்தான். பெரியது, முன்னால் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே யாரோ ஊர் திரும்பும்போது விற்றதாம். வாங்கி இரண்டு வருடமாகத் தொடவில்லையாம்.

“சும்மா படுத்துக் கெடக்கியளே அத்தான், எதையாவது புடிச்சிட்டு இருங்க” என்றான்.

“இத வச்சு நான் எதப் புடிக்க?”

“காக்காயப் புடிங்க.”

வடிவு அடுப்படியிலிருந்து, “காக்கா பறந்துரும். இவிய எந்திரிச்சு வாரதுக்குள்ள” என்றாள். பேச்சிமுத்து சிரித்தான். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

காக்கா நான்கு படம். அண்டா ஒன்று. பக்கத்து வீட்டுச் சேவல் பதினொன்று. கேமராவின் தலையில் ஒரு திருகு இருக்கிறது, பச்சைக் கட்டத்தில் வைத்தால் அதுவே எல்லாம் பார்த்துக்கொள்கிறது. திருகில் உள்ள மற்ற எழுத்துகளுக்கு நான் போகவில்லை.

சேவல் நன்றாக வந்திருக்கிறது. நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற மகள் சுகந்திக்கு அனுப்பினேன். ‘அப்பா, காலுக்குப் பயிற்சி செஞ்சீங்களா’ என்று மட்டும் பதில் போட்டாள்.

மே 2, வெள்ளி

வடிவு ஒரு கவர் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திறந்து பார்த்தேன். அளத்துப் பெண்களின் படங்கள். உப்பு அம்பாரத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. தார் பூசினது மாதிரி இருக்கிறது. அதே படத்தில் இன்னொரு பிரதி. அதில் எல்லோருக்கும் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருக்கிறது.

வந்ததும் கேட்டேன். அவர்கள் சங்கம் சொந்தமாக உப்புப் பாக்கெட் போடப் போகிறதாம். ‘எங்க அளம்’ என்று பெயர். பாக்கெட்டில் வேலை செய்கிற பெண் ஒருத்தியின் படம் வர வேண்டும். டவுனிலிருந்து படம் பிடிக்க ஒருவரை அழைத்திருக்கிறார்கள். முதலில் கறுப்பாக வந்ததாம். ஏன் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்திருக்கிறார்.

“எங்கூட வேல பாக்குத ஜெபமாலை கேட்டா, இந்த வெள்ளக்காரியளையெல்லாம் எந்தக் கப்பல்ல எறக்குனியன்னு. அவரு கோவிச்சிட்டுப் போயிட்டாரு.”

“சரி, உங்க தலைவர் யாரோ அவுகளப் பேசச் சொல்லு.”

வடிவு என்னைப் பார்த்தாள். “நான்தான் தலைவி. ரெண்டு வருஷமா.”

“எனக்கு யாரு சொன்னா?”

“நான்தான் சொன்னேன், போன்ல. நீங்க அப்போ சோலாப்பூர்ல டீசல் போட்டுட்டு இருந்திய. சரி சரின்னு வச்சிட்டிய.”

சோறு போட்டாள். சாப்பிட்டேன். ஜூன் எட்டாம் தேதிக்குள் அச்சகத்துக்குப் படம் போக வேண்டுமாம்.

“நான் எடுத்துத் தாரேன்” என்றேன். சேவல் நன்றாக வந்த தைரியம்.

“பாப்போம்” என்றாள்.

மே 6, செவ்வாய்

முதன்முறையாக அளத்துக்குப் போனேன். உப்பு ஏற்ற வந்த லாரியில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் தெரிந்த பையன்.

கண்ணைத் திறக்க முடியவில்லை. கீழே வெள்ளை, மேலே வெள்ளை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பெண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் கூட்டுகிறார்கள். தூரத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. யார் என்று பார்த்தேன். அது வடிவு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் அந்த டவுன்காரர் எடுத்தது போலவே வந்திருக்கிறது. முகம் கறுப்பு. உப்பு சிமெண்ட் நிறம். நேரில் அப்படிக் கண் கூசுகிற உப்பு, படத்தில் சிமெண்ட்.

ஜெபமாலை எட்டிப் பார்த்தாள். வடிவோடு பதினைந்து வருடமாக வேலை செய்கிறவள், முன்பல் ஒன்று கிடையாது. “அண்ணாச்சி, சேவல் நல்லா வந்துச்சாம்லா” என்றாள். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

சேவலைப் பற்றி வடிவு அங்கே சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி அங்கே பேசுகிறாள் போலிருக்கிறது.

நடந்தது இருநூறு அடி. அதுவும் வரப்பில்.

மே 7, புதன்

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

“அத்தான், அந்தப் பச்சக் கட்டத்த விட்டு வெளிய போவாதிய. மத்த எழுத்தெல்லாம் படிச்சவனுக்கு.”

“நான் பத்துச் சக்கர வண்டி ஓட்டுதவன் மாப்ள.”

“அதுல பிரேக் உண்டுல்லா” என்றான்.

மே 9, வெள்ளி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

கொடியில் என் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அது மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். வேட்டி சாம்பல் நிறமாக வந்தது. பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து மாட்டி, அது மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். குடையும் சாம்பலாக வந்தது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் எது வேட்டி எது குடை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேமராவுக்கு வெள்ளை என்றால் என்ன, கறுப்பு என்றால் என்ன என்று தெரியாது. வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. எதைக் காட்டினாலும் நடுவாந்தரமாக ஆக்கிவிடுகிறது. உப்பைக் காட்டினால் ‘வெளிச்சம் ரொம்ப அதிகம்’ என்று பயந்து எல்லாவற்றையும் குறைக்கிறது. உப்பு சிமெண்ட் ஆகிறது, முன்னால் நிற்கிறவள் தார் ஆகிறாள். டவுன்காரர் மேலும் தப்பில்லை. கேமரா சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார்.

பின்பக்கம் ஒரு பொத்தானில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கிறது. பச்சைக் கட்டத்தில் அது வேலை செய்யாது. P என்ற எழுத்துக்குத் திருப்பினால் செய்கிறது. பொத்தானை அமுக்கிக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் திரையில் ஒரு கோட்டின் மேல் முள் நகர்கிறது. கூட்டல் பக்கம் போனால் படம் வெளுக்கிறது, கழித்தல் பக்கம் போனால் கறுக்கிறது. வேட்டிக்குக் கூட்டினேன். வெள்ளையானது. குடைக்குக் கழித்தேன். கறுப்பானது.

மதியம் வடிவு வந்ததும் காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தாள். “வேட்டிக்கு நீலம் போடணும்” என்றாள். ஆனால் இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

பயிற்சி செய்ய மறந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

அளம். கூட்டல் மூன்று வரை போனேன். வடிவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. உப்பு காணாமல் போய்விட்டது, வெறும் காகிதம் மாதிரி இருந்தது. திரையை அவளிடம் நீட்டினேன்.

தலைத்துண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். “இது யாரு?”

“நீதான்.”

“நான் இந்த நிறமா?”

“கொஞ்சம் தூக்கி வச்சேன். நல்லாத்தான இருக்கு.”

“இருவது வருஷம் வெயில்ல நின்னு வாங்குன நிறம். அத ஒரு பொத்தான அமுக்கி அழிச்சிட்டிய” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்தால் சரியாக இருக்கிறது. உப்பும் உப்பாக இருக்கிறது, அவளும் அவளாக இருக்கிறாள். அங்கேயே நின்று முப்பது படம் எடுத்தேன்.

மே 15, வியாழன்

படங்களைப் போனில் ஏற்றி ஜெபமாலையிடம் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அளத்துல பதினெட்டுப் பேரு வேல பாக்கோம்.”

“ஆமா.”

“இதுல நூத்திப் பன்னண்டு படம் இருக்கு. எண்ணிட்டேன். நூத்தி ஒண்ணுல எங்க வடிவக்காதான் நிக்கா.”

“வெளிச்சம் அந்தப் பக்கம் நல்லா விழுந்துச்சு.”

“ஆமா ஆமா. சூரியன் அவளச் சுத்தித்தான வருது.”

வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. மற்ற பதினொரு படத்தில் ஆறு வாருபலகை.

மே 16, வெள்ளி

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் அவள் காலும் விழுந்திருக்கிறது. குதிகாலிலும் விரல் இடுக்கிலும் உப்பு அறுத்த வெடிப்பு. வீட்டில் அவள் நடமாடுவதை இத்தனை நாளாகப் பார்க்கிறேன், காலைப் பார்த்ததில்லை.

கடை வரை நடந்து தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டாள். என் தையல் தழும்புக்கு என்று சொன்னேன். அவள் பாய்ப் பக்கம் வைத்தேன்.

நடந்தது ஆயிரத்து நானூறு அடி. இதுதான் அதிகம்.

மே 20, செவ்வாய்

மழை. கோடை மழைதான், ஆனால் ஒன்றரை மணி நேரம் அடித்தது. பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. அம்பாரத்தை மட்டும் மூடிவிட்டார்களாம். வடிவு நனைந்துகொண்டே வந்தாள்.

நான்தான் புலம்பினேன். படத்துக்கு உப்பு வேண்டும், தேதி நெருங்குகிறது என்று. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு, “கரைஞ்சா கரைஞ்சது. கடல் எங்கயும் போவல” என்றாள்.

இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அவள் இன்று சமைக்கவில்லை. நான் உப்புமா கிண்டினேன். சீனி டப்பா, ரவை டப்பா, கடுகு டப்பா எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். “கொஞ்சம் கட்டி” என்றாள். இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மே 21, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. வடிவு வீட்டில் இருந்தாள்.

மே 22, வியாழன்

அவள் சின்ன வயதில் நீச்சல் பந்தயத்தில் பரிசு வாங்கியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது.

மே 26, திங்கள்

அளத்தில் மறுபடி வேலை தொடங்கிவிட்டது. காற்று நன்றாக அடிக்கிறது, உப்பு சீக்கிரம் பூக்கும் என்கிறார்கள்.

ஒரு தொந்தரவு. வடிவு அம்பாரத்துக்கு முன்னால் நிற்கும்போது கூட்டல் போட்டுச் சரியாக எடுக்கிறேன். அவள் நான்கு அடி நகர்ந்து, கடல் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிற பக்கம் போனால், பின்னால் கறுத்த தண்ணீர். உடனே படம் வெளுத்துப்போகிறது. நான் கழித்தலுக்குத் திருப்புவதற்குள் அவள் திரும்பி உப்புப் பக்கம் வந்துவிடுகிறாள். அவளுக்கு என்ன, அவள் வேலையைப் பார்க்கிறாள். நான்தான் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்கிறேன். எழுபது படத்தில் நான்குதான் தேறியது.

முதலாளி போன் செய்தார். நாக்பூர் லோடு ஜூன் நடுவில் இருக்கிறதாம். கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன்.

மே 29, வியாழன்

M என்ற எழுத்துக்குப் போய்விட்டேன். பேச்சிமுத்துவிடம் சொல்லவில்லை.

இதில் கேமரா எதையும் தானாக மாற்றாது. இவ்வளவு நாள் தானாகக் கியர் போடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு, ஏன் மேட்டில் திணறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது கியர் என் கையில். குழாயின் உள்ளே ஒரு துவாரம், எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும் என்பது ஒரு எண். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு எண். இரண்டையும் நானே வைக்க வேண்டும். காலையில் அந்தக் கூட்டல் கழித்தல் பொத்தானை அமுக்கிச் சக்கரத்தை உருட்டினேன். முள் மட்டும் நகரும் என்று பார்த்தால் துவாரத்தின் எண் மாறிவிட்டது. M-இல் அந்தப் பொத்தானுக்கு வேறு வேலை. இதைப் புரிந்துகொள்ள மதியம் வரை ஆனது.

பின்னால் இருப்பதைப் பார்த்து அளக்கக் கூடாது. முகத்தை அளந்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பின்னால் எது வந்தாலும் கை வைக்கக் கூடாது.

நாளை காலை சோதிக்க வேண்டும்.

மே 30, வெள்ளி

ஏழரை மணிக்கு வடிவை அம்பாரத்துப் பக்கம் நிற்கச் சொன்னேன். முகத்தை அளக்க வேண்டும், அதற்குப் படச் சட்டம் முழுக்க முகம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்றேன்.

“இவ்வளவு பக்கமா?” என்றாள்.

“அளக்கணும்லா.”

“அளங்க.”

துவாரத்தை எட்டில் வைத்தேன். நேரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தேன். இருநூற்றைம்பதில் முள் நடுவில் நின்றது. அதாவது ஒரு நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. எடுத்துப் பார்த்தால் அவள் நிறத்தைவிட ஒரு சுற்று வெளுப்பு. குடை சாம்பலான அதே சங்கதிதான். முள் சொல்வதை விட்டுவிட்டு இரண்டு சொடுக்கு கீழே இறக்கினேன். நானூறு. எட்டு, நானூறு. மறுபடி எடுத்தேன்.

அவள்தான். சரியாக அவள் நிறம்.

இதற்கெல்லாம் கொஞ்ச நேரம் ஆனது. அவள் அசையாமல் நின்றாள். இடது புருவத்துக்குக் கீழே சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது.

“இது எப்போ?”

“எது?”

“இது.”

“சுகந்தி பொறந்த வருஷம். வாருபலக கழண்டு அடிச்சிட்டு.” பிறகு சொன்னாள், “இருவத்தோரு வருஷமாச்சு.”

வெளிச்சம் மாறுவதற்குள் எடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

“அளந்து முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. நீ போய் வேலையப் பாரு. எங்க வேணாலும் போ.”

போனாள். அம்பாரத்துக்கு முன்னால், கறுத்த தண்ணீருக்கு முன்னால், வானத்துக்கு முன்னால். நான் எண்களைத் தொடவில்லை. பின்னால் எது வந்தபோதும் அவள் முகம் ஒரே மாதிரி இருந்தது.

அப்போது ஜெபமாலை ஏதோ சொன்னாள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை, என்னைப் பற்றித்தான் இருக்கும். வடிவு வாருபலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெரிய சிரிப்பு. ஒரு படம்தான் எடுத்தேன். அதற்குள் எனக்குக் கண்ணில் உப்புக் காற்று பட்டுவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

பதினெட்டுப் பேரையும் எடுத்து முடித்தேன். நடுவில் மேகம் வந்தபோது நேரத்தை மாற்றினேன், போனதும் பழைய எண்ணுக்கே வந்தேன். ஒவ்வொருத்தியும் வந்து திரையில் தன்னைப் பார்த்தாள். அறுபது வயது மாடத்தி, “ஆதார்ல இருக்கிறது யாருன்னு எனக்கே தெரியாது. இது நான்தான்” என்றாள். ஜெபமாலை வாயை மூடிக்கொண்டு நின்றாள். கடைசி நிமிடத்தில் காற்று தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிடிக்க ஓடியவள் பல் போன இடம் தெரியச் சிரித்துவிட்டாள். அதுவும் விழுந்துவிட்டது.

ஊன்றுகோலைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

கொட்டகைத் தரையில் பதினெட்டுப் படத்தையும் பரப்பினார்கள். ஆளுக்கு ஒரு உப்புக் கட்டி. பிடித்த படத்தின் மேல் வைக்க வேண்டும். நான் உறுப்பினர் இல்லை, எனக்குக் கட்டி கிடையாது என்று வடிவு சொல்லிவிட்டாள்.

ஜெபமாலைக்கு ஒன்பது. வடிவுக்கு ஐந்து. மாடத்திக்கு நான்கு, அதில் ஒன்று அவளே வைத்தது. பாக்கெட்டில் வரப்போவது ஜெபமாலை, பறக்கிற துண்டும் இல்லாத பல்லுமாக. அவள் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். வடிவும் தன் கட்டியை ஜெபமாலை மேல்தான் வைத்தாள்.

எந்தப் படத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது என்று இவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 7, சனி

இன்று மறுபடி பார்த்தேன். ஜெபமாலை படமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, ஊன்றுகோல் தேவையில்லை, தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார். மருந்துகூட எழுதவில்லை. வடிவும் கூட வந்திருந்தாள்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை நாக்பூர் லோடு, போக வரப் பதினைந்து நாள் என்று சொன்னேன்.

“சரி” என்றாள்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 14, சனி

வடிவு நேற்றே பை கட்டி வைத்துவிட்டாள். எப்போதும் அவள்தான் கட்டுவாள், நான் பார்த்ததில்லை. சவரக் கத்தி இருக்கிறதா என்று பார்க்க இன்று காலை திறந்தேன். மூன்று சட்டை, துண்டு, இரண்டு கைலி. கைலி மடிப்புக்குள் ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம்.

அவள் படம்தான். வாருபலகையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற அந்தப் படம். எட்டு, நானூறு. ஸ்டுடியோவுக்குப் போய் அவளே பிரிண்ட் போட்டிருக்கிறாள். எப்போது போனாள் என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லவில்லை.

இருந்த மாதிரியே மடித்து வைத்தேன். சவரக் கத்தி இருந்தது.

பதினோரு மணிக்கு முதலாளிக்குப் போன் செய்தேன். நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். உப்பு ஏற்றித் துறைமுகத்துக்கு அடிக்கிற வண்டிக்கு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டேன்.

“வே, அது புதுசா லைசென்சு எடுத்த பயலுவ ஓட்டுத வண்டி. அஞ்சு மணிக்கெல்லாம் செட்டுல விட்டுட்டு வீட்டுக்குப் போவாணுவ.”

“பரவால்ல அண்ணாச்சி.”

“கால் அவ்வளவு மோசமா இருக்கா?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன். நான் அப்போது நின்றுகொண்டுதான் பேசினேன், அதுவும் ஒரு காலில்தான். முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் வடிவு வந்ததும், நெடுந்தூரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், திங்கள் முதல் துறைமுக வண்டிதான் என்று சொன்னேன். அவள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

“டாக்டரு அப்படிச் சொல்லலியே. நானும் பக்கத்துலதான இருந்தேன்.”

“நீ மருந்து வாங்க வெளிய போனேல்லா, அப்போ சொன்னாரு.”

“மருந்தே எழுதலியே.”

நான் சுவரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் பையைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி ஆணியில் மாட்டினாள். துண்டைக் கொடியில் போட்டாள். அந்தக் கைலியை மட்டும் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தாள். பையை மடித்துப் பரணில் தூக்கிப் போட்டாள்.

“திங்கக்கெழம எத்தன மணிக்கு வருவிய?”

“ஆறுக்குள்ள வந்துருவேன்.”

“வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. வாடுனது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். உள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு மாதிரி இருந்தது.

ஜூன் 16, திங்கள்

துறைமுகத்துக்கு நான்கு நடை. கொத்தமல்லி இரண்டு கட்டு வாங்கினேன், ஒன்று வாடினாலும் ஒன்று இருக்கும் என்று. ஐந்து ஐம்பதுக்கு வீட்டில் இருந்தேன்.